தேனழித்தலும் தேனீ வளர்த்தலும்

குறிஞ்சி நிலத்து மக்களுக்குரிய தொழில்களை வகுத்துக் கூறும் அகப்பொருள் இலக்கண நூலார், தினை காத்தல், கிழங்கு அகழ்தல் என்பவற்றோடு தேன் அழித்தல் என்பதனையும் ஒரு தொழிலாக எண்ணினர். மாணவர்க்கு இப்பகுதியைக் கற்பிக்குந்தோறும் ‘அழித்தல்’ என்னும் சொல்லிடத்து யாம் சற்றே நிற்பது வழக்கம். தேன் எடுத்தல் என்றோ தேன் கொள்ளுதல் என்றோ கூறாது அழித்தல் என்றே கூறியமை, மலைவாணர் செயலை உள்ளவாறே உரைப்பதாகும். அடையை அறுத்துப் பிழிந்தால் அதன்கண் இருந்த முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் ஒருங்கே மாளும்; எஞ்சிய ஈக்கள் இருப்பிடமிழந்து அலையும். பழந்தமிழில் தேன் என்னும் சொல் அவ்வினிய பொருளையும் அதனை ஈட்டும் ஈயையும் ஒருசேரக் குறித்தது. ஒன்றை அழியாது மற்றொன்றைப் பெறும் வழி அறியப்படாத காலத்தில் இரண்டற்கும் ஒரே பெயர் அமைந்தது பொருத்தமே போலும்.

இன்று அவ்வழி அறியப்பட்டுள்ளது. கண்டி நகரிலும் அதனைச் சூழ்ந்த பேராதனை, கட்டுகஸ்தோட்டை, குண்டசாலை முதலிய ஊர்களிலும் சிறிதளவேனும் வளவு உடையோர், ஓய்வு நேரத்திலே ஒன்றிரண்டு தேனீக் குடிகளைப் பேணுதல் கூடும். பழைய மாணவர் சிலர் இதுபற்றி எம்மிடம் வினவியதுண்டு. வினாக்கள் பெரும்பாலும் ‘எத்தனை போத்தல் தேன் கிடைக்கும்’ என்றே தொடங்கும். யாம் கூறும் விடை அவர்க்குச் சற்று ஏமாற்றம் தரும். எமது மலைநாட்டில் தேனீ வளர்த்தல் என்பது முதற்கண் தேன் எடுக்கும் கலையன்று. தேனீயைப் போகவிடாது இருத்தும் கலையாகும். ஆடும் மாடும் கட்டினால் நிற்கும். தேனீயை எவரும் கட்டிவைத்ததில்லை. பெட்டி நம்முடையது, குடியிருப்பதும் நீங்குவதும் அதன் விருப்பம்.

கண்டி நாட்டுத் தேனீக்களைப் பற்றி ஆங்கிலத்தில் விரிவாக எழுதியோருள் முற்பட்டவர் றொபேட் நொக்ஸ். 1660ஆம் ஆண்டு கொட்டியாரத்திற் பிடிபட்டு, 1679இல் தப்பிச் செல்லும்வரை கண்டி அரசனின் ஆட்சிக்குட்பட்ட மலையூர்களிலே சிறையிருந்த அவர், 1681இல் வெளியிட்ட தமது இலங்கை வரலாற்று நூலில் மூவகைத் தேனீக்களைக் குறிப்பிடுகின்றார். முதலாவது மரப்பொந்துகளிலும் நிலத்து வளைகளிலும் வாழ்வது. ஊரவர் வளைக்குள் வாயால் ஊதி ஈக்களை வெளியேற்றிவிட்டு, கொட்டுக்கு அஞ்சாது வெறுங்கையாலேயே அடையை எடுப்பர் என்கின்றார். இரண்டாவது உயர்ந்த மரக்கிளைகளில் வெளிப்படையாகத் தொங்கும் பெருந்தேனீ. அதன் தேனுக்காக ஊரவர் கூட்டங்கூட்டமாகக் காட்டுக்குச் சென்று சுமந்து வருவர். மூன்றாவது கறுத்த மிகச் சிறிய ஈ. மரத்தில் தொங்கும் ஈத்திரளின் கீழ்த் தீப்பந்தம் பிடித்து அவற்றை வீழ்த்தி, அவித்து உண்டமையையும் அவர் கூறியுள்ளார். தேனழித்தலுக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

நொக்ஸ் கண்ட மூன்றும் இன்றும் இம்மலைகளில் உள்ளன. பெருந்தேனீயைச் சிங்கள மக்கள் பம்பரா என்பர். தமிழில் மலைத்தேனீ என்பது வழக்கு. ஒற்றைப் பேரடையைத் திறந்த வெளியிலே கட்டித் தொங்கவிடும் அதனைப் பெட்டியில் வளர்த்தல் இயலாது. பருவந்தோறும் மலைக்கும் தாழ்நிலத்துக்குமாக இடம்பெயரும் இயல்பும் அதற்கு உண்டு. சிகிரியாவில் அதனாற் கொட்டுண்டு ஓடியோர் கதை பலர் அறிந்ததே. கொட்டாத சிறு கறுப்பீயாகிய கொசுத்தேனீ சுவர் வெடிப்புகளிலும் குழாய்களிலும் வாழும். அதன் தேன் மிகச் சிறிதளவே. நொக்ஸ் குறிப்பிடாத நான்காவது இனமொன்றும் இலங்கையில் உண்டு. அது செடிக் கொம்பிலே உள்ளங்கையளவு அடை கட்டும் கொம்புத்தேனீ. பெரும்பாலும் வறண்ட தாழ்நிலத்துக்கு உரியதாகலின் மலையூர்களில் வாழ்ந்த அவர் கண்ணிற்பட்டிலது போலும்.

நாம் வளர்க்கத் தக்கது நொக்ஸ் முதலாவதாகக் கூறியதும், சிங்களத்தில் மீ மெஸ்ஸா எனப்படுவதுமாகிய பொந்துத்தேனீயே. அடுக்கடுக்காகப் பல அடைகளை இருளான பொந்துக்குள் கட்டுவதால் அடுக்குத்தேனீ என்றும் இதனைக் கூறுவர். இவ்வியல்பே இதனைப் பெட்டிக்குள் வாழத் தகுதியாக்குகின்றது. ஐரோப்பியத் தேனீக்கும் இதே இயல்பு உண்டு. ஆயினும் இரண்டும் வெவ்வேறு இனங்கள். மேலைநாட்டு நூல்களைப் படித்துவிட்டு இத்தொழிலில் இறங்குவோர் இடறுவது பெரும்பாலும் இவ்விடத்திலேயே. அந்நூல்கள் கூறும் ஐம்பதினாயிரம் ஈக்கள் கொண்ட குடியும், அடுக்குமாடிபோலும் பெட்டியும், மணங்கு மணங்காகத் தேனும் நம் ஈக்கு உரியனவல்ல. நம் குடியில் சில ஆயிரம் முதல் பதினையாயிரம் வரை ஈக்கள் இருக்கும். நன்கு பேணிய குடியிலிருந்து ஆண்டொன்றுக்கு மூன்று முதல் ஐந்து கிலோ தேன் கிடைக்கலாம். பத்துக் கிலோ கிடைப்பின் அது நற்பேறு. போத்தல் கணக்குக் கேட்ட அன்பர்க்கு இதுவே விடை.

பெட்டியைப் பற்றிய அடிப்படை அறிவு 1851ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய லாங்ஸ்ட்ரொத் என்னும் சமய போதகர் கண்டறிந்ததாகும். அடைக்கும் அடைக்கும் இடையிலும், அடைக்கும் சுவருக்கும் இடையிலும் ஓர் ஈ நடமாடுதற்கு வேண்டிய அளவு இடைவெளி இருப்பின், தேனீ அதனை மெழுகால் அடைப்பதில்லை. இடைவெளி கூடினால் அங்கே புதிய அடை கட்டும்; குறைந்தால் அடைத்துவிடும். இவ்வளவை அறிந்தமையால், அடையை மரச்சட்டத்துள் கட்டச் செய்து, வேண்டும்போது சட்டத்தை வெளியே எடுத்துப் பார்த்து, மீண்டும் உள்ளே வைத்தல் இயல்வதாயிற்று. அழித்தலுக்கும் வளர்த்தலுக்கும் இடையே நிற்கும் வேறுபாடு, அளந்து பார்த்தால், ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைந்த அவ்விடைவெளிதான்.

லாங்ஸ்ட்ரொத் பெட்டி நம் ஈக்குப் பெரிது. பெரிய வீட்டிற் சிறிய குடும்பம் இருந்தாற்போல, மிகுந்த இடத்தை அதனாற் காக்க இயலாது. தென்னிந்தியாவில் வாழ்ந்த பாதிரியார் நியூற்றன் 1910ஆம் ஆண்டளவில் நம் ஈயின் அளவுக்கு ஏற்ற சிறு பெட்டியை அமைத்துக் கிராமத்தவர்க்கும் பயிற்சி அளித்தார். நியூற்றன் பெட்டி என்று இன்றும் வழங்கும் அதன் கீழறையில் ஏழு சட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 21 சென்ரிமீற்றர் நீளமும் 14 சென்ரிமீற்றருக்குச் சற்று மேற்பட்ட உயரமும் உடையது. கீழறை இராணியும் குஞ்சுகளும் வாழ்தற்குரியது. மேலே வைக்கும் உயரங்குறைந்த அறை தேனுக்குரியது. 1920களில் மார்த்தாண்டத்திலே இளைஞர் கிறிஸ்தவ சங்கத்தின் கிராமப் பணி நிலையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாச் இத்தொழிலை ஊர்தோறும் பரப்பினார். மார்த்தாண்டம் தேன் பெயர்பெற்றது அவ்வழியாலேயே. பெட்டிக்குப் பலகை நன்கு உலர்ந்ததாயும் கடுமணம் அற்றதாயும் இருத்தல் போதும். தச்சரிடம் அழகைக் காட்டிலும் அளவையே வற்புறுத்துக.

இனி, குடியைப் பெறுவது எவ்வாறு? விலைக்கு வாங்கலாம், ஆயினும் கண்டிப் பகுதியில் வாழ்வோர்க்கு அதற்கு முன்னரே முயலத் தக்க வழி ஒன்று உண்டு. கிராமத்தவர் பழைய மட்பானையின் உட்புறத்தே தேன்மெழுகைப் பூசி, சிறு வாயில் ஒன்றுமட்டும் விட்டு மூடி, மரக் கவரிலோ வீட்டு இறப்பிலோ வைப்பர். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வெயில் தலைகாட்டும் தை, மாசி மாதங்களிற் பல்கிப் பிரியும் குடியொன்று இடந்தேடி வந்து அதனுட் புகலாம். புகாதுபோதலும் உண்டு, நான்கைந்து பானை வைத்தால் ஒன்றேனும் பயன்படும். பானைக்குப் பதிலாகப் பெட்டியையே மெழுகு தடவி வைத்தல் இன்னும் நன்று. பின்னர் மாற்றும் தொல்லை இல்லை.

சுவர்ப் பொந்திலோ மரத்திலோ உள்ள குடியைப் பெட்டிக்கு மாற்றுவதாயின், அது மாலைப்பொழுதிற் செய்யத்தக்க வேலை. முதன்முறை அனுபவமுடையார் ஒருவரின்றித் தொடுதல் கூடாது. உலர்ந்த பொச்சுமட்டையைப் புகையவிட்டுச் சிறிது புகை ஊட்டுக. புகை மிகுந்தால் ஈக்கள் கலங்கி ஓடும். அடைகளை ஒவ்வொன்றாக அறுத்து, குஞ்சுள்ள அடைகளை மட்டும் சட்டத்துட் பொருத்தி வாழைநாராற் கட்டுக. எப்பக்கம் மேலே இருந்ததோ அப்பக்கமே மேலே இருத்தல் வேண்டும். அறைகள் மேனோக்கிச் சாய்ந்தவையாதலின் தலைகீழாகக் கட்டின் பயனில்லை. தேனடைகளைப் பெட்டியில் வையாது புறத்தே எடுத்துவிடுக. அவை ஒழுகி எறும்பை அழைக்கும். இரண்டு மூன்று நாளில் ஈக்கள் மெழுகால் அடையைச் சட்டத்தோடு ஒட்டி, நாரைத் தாமே அறுத்து வாயிலுக்கு வெளியே தள்ளும். அந்நார்த்துண்டு கிடக்கக் கண்டால் குடி நம்மை ஏற்றுக்கொண்டது என்று கொள்ளலாம்.

இராணி வெளியேறாதவாறு துளையளவைச் சிறுக்கிய வாயிற்றகட்டைச் சிலர் பொருத்துவர். புதுக்குடிக்குச் சில நாள் அது உதவும். அதனையே நிலையான பூட்டாக எண்ணுதல் பெருந்தவறு. போக நினைத்த குடியைத் தகட்டாற் பல நாள் மறித்தால், அது உள்ளேயே மெலிந்து அழியும்.

பெட்டியை வைக்கும் இடம் காலை வெயில் படுவதாயும், நண்பகலில் நிழலுடையதாயும், காற்றுக்கும் சாரலுக்கும் மறைவாயும் இருத்தல் வேண்டும். முழங்காலுக்குச் சற்று மேற்பட்ட உயரத்தில் நாற்கால் தாங்கி ஒன்றை நிறுத்தி, கால் ஒவ்வொன்றையும் நீர் நிறைந்த தகரப் பேணியில் நிறுத்துக. எறும்பைத் தடுக்க இதனிலும் மலிவான உபாயம் இல்லை. பேணி வற்றியதைக் கவனியாமையால் ஓரிரவிற் குடியிழந்தோர் பலர். நீர் உட்புகாதவாறு பெட்டி வாயிற்பக்கம் சிறிது தாழ்ந்திருக்கட்டும். வாயில் வழிநடைப் பாதையையும் பிள்ளைகள் விளையாடும் முற்றத்தையும் நோக்கியிருத்தலாகாது. விறாந்தையிற் பெட்டியை அலங்காரப் பொருளாக வைத்திருக்கும் இல்லங்களையும் யாம் கண்டுள்ளோம். உள்ளே பல்லியும் கரப்பானும் குடியிருக்கும்.

ஒரு பெட்டியோடு தொடங்குவதிலும் இரண்டோடு தொடங்குவது நன்று. ஒன்றனை மற்றொன்றோடு ஒப்பிட்டே மெலிவு எது, இயல்பு எது என அறிய முடியும். ஒரு குடி இராணியை இழந்தால் மற்றக் குடியிலிருந்து முட்டையுள்ள அடையொன்றைக் கடனாக ஈந்து காக்கலாம். அதிலிருந்து அவை தமக்கோர் இராணியை வளர்த்துக்கொள்ளும். முட்டையிலிருந்து இராணி வெளிவர ஏறத்தாழ 16 நாள். வேலைக்காரிக்கு 19, 20 நாள். ஆணுக்கு 24 நாள் வரை. இக்கணக்கு மனத்திலிருப்பின் பெட்டியைத் திறக்கும்போது காண்பவை யாவும் பொருளுடையனவாகும். இராணியைத் தேடி ஒவ்வொரு முறையும் அல்லற்பட வேண்டா. அறையின் அடியில் நிமிர்ந்து நிற்கும் புதுமுட்டையைக் கண்டால் அண்மையில் இராணி இருந்தமைக்கு அதுவே சான்று. பத்து நாளைக்கு ஒரு முறை, வெயிலுள்ள வேளையில், சில நிமிடம் பார்த்தல் போதும். ஆர்வம் மிகுந்த புதியவர் நாள்தோறும் மூடியைத் திறப்பர். நாள்தோறும் கூரையைப் பிரித்து எட்டிப்பார்க்கும் வீட்டுக்காரனிடம் எவர்தாம் குடியிருப்பர்?

இங்கே எமது தலையாய பொருளுக்கு வந்துவிட்டோம். நம் நாட்டுத் தேனீ குடிபெயரும். பல்கிப் பிரிதல் வேறு, குடிபெயர்தல் வேறு. முன்னதில் பழைய இராணியோடு ஒரு பகுதி போக, மறுபகுதி புதிய இராணியோடு பெட்டியிலேயே நிற்கும். அது செழிப்பின் அடையாளம். பின்னதில் பெட்டி முழுவதும் வெறுமையாகும். அது இன்மையின் அடையாளம். எறும்புத் தொல்லை, கடுவெயில், மெழுகுப்பூச்சி, அடிக்கடி நேரும் கலக்கம், நோய் என்பன காரணங்களாகலாம். கண்டியில் மிகுதியும் காரணமாவது பசியே என்பது எமது துணிபு.

எவ்வாறெனிற் கூறுவாம். கண்டிச் சீமையின் வீட்டுத் தோட்டம் உலகறிந்தது. தென்னை, கமுகு, கித்துள், பலா, ஆனைக்கொய்யா, கோப்பி, கராம்பு, சாதிக்காய், மிளகு என்பன ஒரு வளவிலேயே அடுக்கடுக்காக நிற்கும். தென்னை ஆண்டு முழுவதும் பாளை விரித்து மகரந்தமும் சிறிது மதுவும் அளிக்கும். எமது ஈக்கு அது தாய்போன்றது. இறப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர்க்கும் மாசி, பங்குனியில் இளந்தளிரின் காம்பிலே மது சுரக்கும். பூவின்றியும் தேன் கிடைக்கும் விந்தை அது. தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சவுக்கு மரத்தின் பொன்னிறப் பூவும் மது நிறைந்தது. தேயிலையோ கொழுந்து பறிக்கப்படுவதால் பூப்பது அரிது. பரந்த பச்சை மலையைக் கண்டு மயங்கி அதன் நடுவே பெட்டி வைப்பவர் ஈயைப் பட்டினிக்கே அனுப்புகின்றார். நம் ஈ உணவு தேடிச் செல்லும் தூரம் பெரும்பாலும் ஒரு கிலோமீற்றருக்கு உட்பட்டது. ஆகலின் பெட்டி வாங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவ்வட்டத்துள் நடந்து, எம்மரம் எம்மாதம் பூக்கும் எனக் குறித்துக்கொள்ளுதல் எந்நூலைப் படிப்பதிலும் பயனுடையது.

மாசி முதற் சித்திரை வரை இவ்வாறு வரவு மிகுதி. அதன்பின் தென்மேற்குப் பருவமழை, சிறிது இடைவெளி, ஐப்பசி, கார்த்திகையில் மீண்டும் பெருமழை. மழையில் ஈ வெளியே செல்லாது. சென்றாலும் பூவில் மது கழுவுண்டிருக்கும். சித்திரையில் தேன் முழுவதையும் உவகையோடு எடுத்தவர் ஆனியில் வெறும்பெட்டியைக் கண்டு திகைப்பது இதனாலேயே. போவதற்கு முன் குடி அறிவித்தே போகின்றது. மகரந்தம் சுமந்து வரும் ஈக்கள் குறையும். இராணி முட்டையிடுதலை நிறுத்தும். அடையிலுள்ள தேன் கரையும். இறுதிக் குஞ்சும் வெளிவந்தபின் ஒரு வெயில் நாளிற் குடி எழும். குஞ்சைக் கைவிட்டுப் போதல் அதற்கு எளிதன்று. ஆதலால் முட்டை இல்லாத அடையைக் கண்ட நாளே நாம் செயற்பட வேண்டிய நாள்.

செய்யவேண்டுவது எளிது. காய்ச்சிய நீரில் அதே அளவு சீனியைக் கரைத்து ஆறவிட்டு, ஒரு சிரட்டையில் ஊற்றி, ஈ அமிழாதவாறு சிறு ஈர்க்குத் துண்டுகளை மிதக்கவிட்டு, மாலையிற் பெட்டிக்குள் வைக்க. பகலில் வைத்தாலோ புறத்தே சிந்தினாலோ அயற்குடி ஈக்கள் கொள்ளையிட வரும். ஈக்கள் மூடிநில்லாத வெற்றடைகளை எடுத்துவிட்டு வாயிலையும் சுருக்குக. வெற்றடையிலேதான் மெழுகுப்பூச்சி முட்டையிடும். சீனி ஊட்டும் காலத்தில் தேனறையை வைத்தலாகாது. அங்கே சேர்வது தேன் என்ற பெயருக்கு உரியதன்று. அதனை விற்பவனும் தேன் விற்பவன் அல்லன்.

நோயைப் பற்றிச் சுருங்கக் கூறுவாம். 1970களில் தாய்லாந்தில் அறியப்பட்ட பைப்புழு வைரசு நோய் 1991, 1992ஆம் ஆண்டுகளிலே தென்னிந்தியாவிற் பரவி, கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் நம் இனத்துத் தேனீக்குடிகளுள் மிகப் பெரும்பாலானவற்றை அழித்தது. மார்த்தாண்டத்துக் குடிகளும் அதற்குத் தப்பவில்லை. புழு அறையினுள்ளே நீர் நிறைந்த பைபோல் மாண்டு கிடத்தல் அதன் அடையாளம். பிறநாட்டு ஈயையோ அடையையோ மறைவாகக் கொணரும் ஆசை எவர்க்கேனும் எழுமாயின் இதனை நினைவிற் கொள்வாராக. உலகெங்கும் ஐரோப்பியத் தேனீயை வருத்தும் உண்ணி நம் ஈயினிடமிருந்தே அதற்குத் தொற்றியது. நம் ஈயோ தன்னுடலிலும் தோழியர் உடலிலும் அதனைத் தேடிப் பற்றி அகற்றும் திறமுடையது. பெருங்குளவி வந்தால் பல ஈக்கள் ஒருங்கே அதனைப் பந்துபோற் சூழ்ந்து உடல்வெப்பத்தாற் கொல்லும். ஜப்பானில் வாழும் இதன் கிளையினத்தில் அவ்வெப்பம் ஏறத்தாழ 46 பாகை செல்சியசு என அளந்துள்ளனர். மெலிந்த குடிக்கு இவ்வாற்றல்கள் எதுவும் இல்லை. எல்லாம் மீண்டும் உணவிலே வந்து முடிகின்றன.

கொட்டு நேராது என்று எவரும் வாக்களிக்க இயலாது. முகத்துக்கு வலையும் வெளிறிய நிறத்து முழுக்கைச் சட்டையும் அணிக. கொடுக்கு தோலில் தங்கினால் நகத்தாலோ அட்டையாலோ உடனே வழித்தெறிக. தாமதிக்குந்தோறும் நஞ்சு இறங்கும். கொட்டிய இடத்திலிருந்து எழும் வாழைப்பழம் போன்ற மணம் ஏனை ஈக்களை அழைப்பதாகலின், சிறிது புகையூட்டி விலகி நிற்க. வீக்கமும் வலியும் பெரும்பாலார்க்கு ஓரிரு நாளில் நீங்கும். ஆயின் மூச்சுத்திணறலோ, உடல் முழுதும் தடிப்போ, மயக்கமோ தோன்றின், சுண்ணாம்பு பூசிக் காத்திராது மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். அத்தகையோர்க்கு ஒரு கொட்டே உயிருக்கு இடராகலாம். முன்னர்க் கொட்டுண்டு அவ்வாறு வருந்தியவர் இத்தொழிலை மேற்கொள்ளாமையே அறிவுடைமை.

தேன் எடுக்கும் காலம் மேலறைச் சட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கேனும் மெழுகால் மூடப்பட்ட பின்னரே. மூடாத தேன் நீர் மிகுந்தது. நூற்றுக்கு இருபது பங்கிற்கு மேல் நீர் இருப்பின் புளித்து நுரைக்கும். கண்டியின் ஈரக்காற்றில் இது விரைவில் நிகழும். ஆதலால் மழைநாளில் தேனெடுத்தலைத் தவிர்க்க. மூடியை மெல்லிய கத்தியாற் சீவி, சுழற்றும் பொறியிலிட்டால் தேன் தெறித்து வெளிவரும். அடை முழுமையாகத் திரும்பவும் பெட்டிக்குப் போகும். பிழிந்தெடுத்தால் அடை அழியும். புதிய அடை கட்ட அவை பெருமளவு தேனைச் செலவிடுமாதலின் அடையைக் காத்தலே தேனைக் காத்தல். கீழறைத் தேனைத் தொடற்க. அது மழைக்காலத்துக்கு அவற்றின் பத்தாயம்.

கடையிற் கிடைக்கும் தேன் மெய்யோ பொய்யோ என அறியத் தீக்குச்சி நனைத்தலும், நீரில் விடுதலும், எறும்பு மொய்க்கின்றதா எனப் பார்த்தலும் பலர் கூறும் சோதனைகள். அவை நம்பத்தக்கன அல்ல. மெய்த்தேனும் உறையும், மெய்த்தேனையும் எறும்பு மொய்க்கும். ஆய்வுக்கூடத்திலன்றித் துணிய முடியாதாகலின், தாமே வளர்த்து எடுத்த இரண்டு போத்தலுக்குள்ள மதிப்பு யாதென்பது விளங்கும். மற்றொன்றும் கூறுதல் கடமை. பிறந்த குழந்தையின் நாவிலே தேன் தீற்றும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுத்தலாகாது என மருத்துவர் கூறுகின்றனர். தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் சிசுவின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். மரபின்மீது யாம் கொண்ட மதிப்புப் பெரிது. ஆயினும் இதனில் மருத்துவர் சொல்லே கொள்ளத்தக்கது.

தேனின்பொருட்டன்றி அறிவின்பொருட்டு இதில் ஈடுபட விழையும் மாணவர்க்கு இம்மண்ணிலேயே நல்ல முன்னோடிகள் உளர். தேனீயின் நடனமொழியை ஆராய்ந்து 1973இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வொன் பிரிஷின் மாணாக்கர் மார்ட்டின் லின்டவர், 1950களில் இலங்கைக்கு வந்து இந்நாட்டுத் தேனீக்களின் நடனத்தை ஆராய்ந்து, 1956இல் முடிவுகளை வெளியிட்டார். கொம்புத்தேனீ தன் அடையின் மேற்றளத்தில் உணவுள்ள திசையை நேரே நோக்கி ஆடும் என்றும், பொந்துத்தேனீ இருளில் செங்குத்தான அடைமீது ஆடித் திசையைக் குறிப்பாலுணர்த்தும் என்றும் அவர் காட்டினார். அதன்பின் 1976இல் கோனிகர், விஜயகுணசேகர ஆகிய இருவரும் இலங்கையில் மூவின ஆண் ஈக்களும் பறக்கும் நேரத்தைக் குறித்து வெளியிட்டனர். கொம்புத்தேனீயின் ஆண் நண்பகல் 12 மணி முதல் 2.30 வரை, பொந்துத்தேனீயின் ஆண் மாலை 4.15 முதல் 5.15 வரை, மலைத்தேனீயின் ஆண் 6 மணி முதல் 6.45 வரை. ஒரே நாட்டில் வாழும் மூவினமும் நேரத்தாற் பிரிந்து தத்தம் இனத்தைக் காக்கின்றன.

இதனைச் சரிபார்க்கக் கருவி எதுவும் வேண்டா. பள்ளி விட்டு வீடு சேர்ந்த மாணவன், தை, மாசியில் ஆண் ஈக்கள் மிகுந்த காலத்திலே, ஒரு கைக்கடிகாரமும் குறிப்புப் புத்தகமும் கொண்டு வாயிலுக்குப் பக்கவாட்டில் அமர்ந்தால் போதும். ஆண் ஈ வேலைக்காரியினும் கறுத்து, தடித்து, பெரிய கண்ணுடன் ஓசை மிக்குப் பறக்கும், கண்டுகொள்வது எளிது. வாயிலில் விசிறி நிற்கும் ஈக்களையும் அப்போதே பார்க்கலாம். நம் ஈ தலையை வெளிப்புறமாக வைத்துக் காற்றை உள்ளே செலுத்தும். ஐரோப்பிய ஈ தலையை உட்புறமாக வைத்துக் காற்றை வெளியே இழுக்கும். இன்னும் விரிவாகக் கற்க விழைவோர்க்கு ஆர். டபிள்யூ. கே. புஞ்சிஹேவா இலங்கைத் தேனீ வளர்ப்புப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி 1994இல் வெளிவந்த நூல் உதவும். பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவவிலே விவசாயத் திணைக்களம் தேனீ வளர்ப்புக்கென ஒரு நிலையத்தை அமைத்தது. பெட்டிக்குச் சொல்லுமுன் ஒரு நாள் அங்குச் சென்று, திறந்த பெட்டியின் முன் நின்று பார்த்து வருவது நன்று; சிலர்க்கு அவ்விரைச்சலைக் கேட்டவுடனேயே இத்தொழில் தமக்கு உரியதா அன்றா என்பது தெரிந்துவிடும்.